நடுச் சீட்டில் முளைத்த கியர்

அந்தப் பிக்கப்புக்கு ஏன் கியர் பெட்டி மாற்றினோம் என்று எங்கள் வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். என் மனைவியின் வாப்பாவான மாமா ஒன்று சொல்வார், அவள் உம்மாவான மாமி ஒன்று சொல்வார், என் மனைவி என் முகத்தைப் பார்ப்பாள். எனக்கோ அதை யோசிக்கத் தொடங்கினால் இன்றைக்கும் தலை சுற்றுகிறது. யாரும் கெட்டது நினைக்கவில்லை, அது மட்டும் உறுதி. எல்லோரும் நல்லது நினைத்துச் செய்த வேலை ஒரு பெண்ணின் இருக்கையைப் பிடுங்கிவிட்டது. அந்தப் பெண் என் மனைவியின் தங்கை.

மாமாவின் பிக்கப் என்னைவிட வயதில் மூத்தது. முன்னுக்கு ஒரே நீட்டுச் சீட். கியர் தரையில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் முன் தரையில் எதுவுமே இல்லை, பாய் விரித்துப் படுக்கலாம். மூன்று பேர் நெருக்கமாகக் குந்திப் போகலாம். மாமா ஓட்டுவார், கதவோரம் மாமி, நடுவில் தங்கச்சி. நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த ஒழுங்கு மாறியதில்லை.

தங்கச்சிக்குச் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே பலமில்லை. குந்தினால் இரண்டு பக்கமும் அணைப்பு வேண்டும். ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் அந்தப் பக்கம் சரிந்துவிடுவாள். ஒருமுறை ஆட்டோவில் கூட்டிப் போகப்போய், காரைதீவுச் சந்தி வளைவில் அவளும் மாமியும் சேர்ந்து சரிந்தார்கள். அதற்குப் பிறகு ஆட்டோச் சத்தம் கேட்டாலே மாமி ஓதத் தொடங்கிவிடுவார். ஆனால் இடுப்புக்கு மேலே தங்கச்சி வேறு ஆள். சம்மாந்துறையில் பெண்கள் சேர்ந்து நடத்தும் தையற்கூடத்தில் அபாயாவுக்குத் துணி வெட்டுவது அவள்தான். அவள் வெட்டிக் கொடுத்தால்தான் மற்றவர்கள் தைக்கலாம். அவள் போகாத நாளில் மிசின் எல்லாம் சும்மா கிடக்கும், அவளுடைய ஃபோன் ஓயாமல் அடிக்கும். காலையில் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நடுவில், மடியில் கத்திரிக்கோல் பையோடு அவள் கிளம்பும்போது மந்திரிதான் கூட்டத்துக்குப் போகிறார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவளும் மந்திரி மாதிரியே கை காட்டுவாள்.

இனிக் கியர் கதை. இரண்டாம் கியர் போட்டால் சில நேரம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். மாமா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார், பொனட்டைத் தூக்குவார், உள்ளே கையை விட்டு எதையோ தட்டுவார், திரும்பவும் ஏறுவார். இது கல்முனைக் கடைத் தெருவில், என் துணிக் கடைக்கு முன்னாலேயே பலமுறை நடந்திருக்கிறது. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான். நான் கடைக்குள் துணி மடிப்பது போல நடிப்பேன். போகப்போக இரண்டாம் கியர் போட்டாலும் தானாகக் கழன்று விழத் தொடங்கியது. அதோடு மாமாவுக்கு இடது தோளில் நோவு. கியர் போடக் கையைத் தூக்கும்போதெல்லாம் அவர் முகம் சுளிப்பதை நான் கண்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், நான் மருமகன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு மனைவியுடையது, கிணறு மனைவியுடையது, முற்றத்து மாமரமும் அவளுடையது, நான் வந்த ஆள். மாமாவும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்த்து நீட்டி முழக்கிக் கதைப்பது அந்த வீட்டில் மரியாதைக் குறைவு. சலாம் சொல்வோம். சாப்பிடக் கூப்பிட்டால் ஓம் என்போம். அதற்கு மேல் எதுவென்றாலும் என் மனைவி வழியாகத்தான் போகும், வரும். மாமா முன் விறாந்தையில் இருந்து அவளிடம் சொல்வார், அவள் குசினியைத் தாண்டி வந்து என்னிடம் சொல்வாள், நான் சொல்வதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போவாள். இதை நான் பழிக்கவில்லை. சண்டை வராமல் ஒரு வீட்டில் காலம் தள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் என் மனைவி வேலை கூடிய ஆள். எதையும் சுருக்கித்தான் கொண்டு போவாள்.

இன்னொன்றும் இருந்தது. நான் வாகனம் பழகியது தரையில் கியர் உள்ள ஒரு வான் வண்டியில். மாமாவின் பிக்கப்பை எப்போதாவது ஓட்ட நேர்ந்தால், கியர் மாற்ற என் கை தானாகத் தரைக்குப் போய்விடும். அங்கே ஒன்றும் இருக்காது. விழுந்த சாவியைத் தேடுகிறவன் போலத் தடவிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் மாமா கேற்றடியில் நின்று இதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னை ஒரு மனிசனாகவே மதிக்கவில்லை என்று நான் அன்று முழுக்கக் கறுவிக்கொண்டிருந்தேன்.

கியர் கழன்று விழுவது கூடிய பிறகு மாமா வண்டியைச் சம்மாந்துறை வீதியில் உள்ள ஒரு கராஜுக்குக் கொண்டு போனார். மெக்கானிக்கை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம். இந்த பாஸ் வீரமுனைக் கோயிலடி ஆள், வாய் நிறைய வெற்றிலையோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே கதைப்பவர். அவர் சொன்னதை மாமா வந்து மூத்த மகளிடம் சொன்னார். மகள் என்னிடம் வந்தாள்.

"வாப்பா கியர் பெட்டிய மாத்தப் போறாராம். பழசுக்குச் சாமான் இல்லியாம். வேற வண்டிட அஞ்சு கியர் பெட்டி ஒண்டு இரிக்காம், அது தரையில வாற கியராம். நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு உடனே மாமாவின் தோள்தான் ஞாபகம் வந்தது. தரையில் கியர் என்றால் கையைத் தூக்கத் தேவையில்லை.

"மாமாக்கு லேசெண்டா போடட்டும். நல்லதுதானே," என்றேன்.

அவள் போனாள். கொஞ்ச நேரத்தில் விறாந்தையில் மாமா கனைக்கும் சத்தம் கேட்டது. அது அவர் திருப்திப்படும்போது வரும் கனைப்பு. எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டி மாற்றுவது என்றால் கழற்றி மாட்டுவது என்று நினைத்திருந்தேன். சட்டை மாற்றுவது போல. கடையை வேலைக்கு நிற்கும் பையனிடம் விட்டுவிட்டு நான் கராஜுக்குப் போனபோது பழைய பெட்டி எண்ணெய் வழிந்துகொண்டு நிலத்தில் கிடந்தது. புதியது அதைவிட நீளம். நீளமாக இருந்தபடியால் அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் சரிவரவில்லை. அதை வெட்டிப் பின்னுக்கு நகர்த்தி ஒட்ட வேண்டும். பெட்டியிலிருந்து பின் சில்லுக்குப் போகும் தண்டு இப்போது நீளம் கூடிப்போனது. அதை லேத்துக்கு அனுப்பி வெட்டிக் குறைக்க வேண்டும். கிளச் தட்டின் நடுத்துளைப் பற்கள் புதுப் பெட்டியின் தண்டுக்குப் பொருந்தவில்லை. அதற்கு வேறு தட்டு தேட வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று பிழைத்தது. பாஸ் ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டிக் கேட்டார், "இப்பிடிச் செய்யட்டா மனே?" நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். என்ன கேட்கிறார் என்பதே பாதி விளங்கவில்லை.

"ஒங்கட மாமாவும் வந்து இப்பிடித்தான் ஓம் ஓம் எண்டுட்டுப் போறார்," என்றார் பாஸ். "ரெண்டு பேரும் ஒண்டா வர மாட்டீங்களா?"

ஒன்றாக வந்தால் யார் முன் சீட்டில் குந்துவது, யார் முதலில் கதைப்பது என்ற சங்கடத்தை அவருக்கு எப்படி விளக்குவது? சிரித்து மழுப்பினேன்.

கடைசியாகத் தரையை வெட்டினார்கள். அந்தப் பரந்த தரையின் நடுவில், காஸ் நெருப்பால், சதுரமாக ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கராஜின் மண்ணும் பாஸின் செருப்பும் தெரிந்தன. நான் குனிந்து பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்த இடத்தில் தினமும் யாருடைய கால் இருக்கும் என்பது அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. என்ன மூளையோ.

வண்டி கராஜில் நின்ற நாட்களில் தங்கச்சி வீட்டில் இருந்தாள். தையற்கூடத்திலிருந்து கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்தபோது, தன் பெரிய கத்திரிக்கோலை அவளிடம் கொடுத்து அனுப்பினாள். அந்தக் கத்திரிக்கோலை மற்றவர் தொட்டாலே அவளுக்குப் பிடிக்காது. வீட்டில் யாராவது அதால் காகிதம் வெட்டிவிட்டால் அன்றைக்கு அந்த ஆளோடு கதைக்க மாட்டாள். அதையே தூக்கிக் கொடுத்தாள். "ஆராவது வெட்டட்டும்," என்றாள். வேலை நின்றுபோகக் கூடாது என்ற நல்ல மனம் என்று நான் நினைத்தேன். மனைவியிடம் புகழ்ந்தும் சொன்னேன். அவளும் ஓம் என்றாள்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று பாஸ் தன் வழக்கப்படி சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்துத்தான் அனுப்பியிருந்தார். மாமி தன் வழக்கப்படி பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு பாத்திஹா ஓதிப் பாற்சோறும் வாழைப்பழமும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். இரண்டு பக்கப் பாதுகாப்பும் உள்ள வண்டி என்று நான் மனைவியிடம் சொன்னேன். மாமா முற்றத்திலேயே முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிப் பார்த்தார். கியர் வெண்ணெய் போல விழுந்தது. அயலவர்கள் பார்த்து, நல்ல வேலை என்றார்கள். தங்கச்சி ஜன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை. மாமா ஏறி வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். மாமி வழக்கம் போலச் சக்கர நாற்காலியைக் கதவடிக்குத் தள்ளி வந்தார். கதவைத் திறந்தார். நடுச் சீட்டுக்கு முன்னால், தரையிலிருந்து, கறுப்புக் குமிழோடு ஒரு தடி நின்றது.

"இது என்ன இஞ்ச நிக்கிது?" என்றார் மாமி.

கியர் பெட்டி மாற்றிய வண்டியில் கியர் நிற்கிறது, வேறு என்ன நிற்கும்? ஆனால் எங்கள் எல்லோருக்கும் அந்த நிமிசம்தான் அது அங்கே நிற்பது தெரிந்தது. மாமியும் என் மனைவியும் தங்கச்சியைத் தூக்கி நடுவில் வைத்துப் பார்த்தார்கள். அவள் கால்களைத் தடிக்கு இடது பக்கமாக ஒதுக்கினார்கள். மாமா முதலாம் கியர் போட்டார். தடி முன்னுக்குப் போனது. இரண்டாம் கியருக்குப் பின்னுக்கு இழுத்தார். தடி அவள் முழங்காலில் வந்து முட்டியது. அவர் கையை எடுத்துவிட்டார். பெற்ற மகள் என்றாலும் முழங்காலில் இடித்து இடித்தா சம்மாந்துறை வரைக்கும் போவது? திரும்பவும் அவளை இறக்கி நாற்காலியில் வைத்தார்கள். கதவோரம் வைக்கலாம் என்றால் நடுப் பக்கம் வெறுமை. நடுவில் மாமி குந்தினால் தடி அவர் முழங்காலிலும் முட்டும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மாமா இறங்கவுமில்லை, போகவுமில்லை.

பிறகு அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "மருமகன் விரும்பினபடியாத்தானே செஞ்ச."

எனக்கு வந்ததே கோபம். மனைவியைத் தேடவில்லை, நேரே ஜன்னலடிக்குப் போனேன். "நான் எங்க மாமா விரும்பின? நீங்கதானே விரும்பினீங்க. ஒங்கட தோள் நோகுதே, ஒங்களுக்கு லேசா இரிக்குமே எண்டுதான் நான் ஓமெண்ட."

நான் அவரிடம் அதுவரை சொன்ன பேச்சுகளிலேயே நீளமானது அதுதான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ட தோளுக்கு என்ன?" என்றார். "நான் மௌத்தாப் போனா இவள ஆரு ஏத்திப் போற? நீங்கதானே. ஒங்களுக்கு அந்தப் பழைய கியர் வருகுதே இல்லியே. தரையத் தடவுறீங்க. அதுக்காகத்தான் நான் இந்தப் பெட்டியப் போட்ட."

கேற்றடியில் அவர் முகத்தைத் திருப்பிய நாள் எனக்கு அப்போது வேறு மாதிரித் தெரிந்தது. இத்தனை நாள் கறுவியதை நினைத்து வெட்கமாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் மனைவியைப் பார்த்தோம்.

"என்னப் பாக்காதீங்க," என்றாள் அவள். "இவர் நல்லதெண்டார், நான் விருப்பமெண்டு சொன்னன். நீங்க ஓமெண்டீங்க வாப்பா, நான் ஓமெண்டு சொன்னன். இதில நான் என்ன பிழ செஞ்சன்?"

பிழை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இன்னும் தெரியாது. அப்போதுதான் தங்கச்சி வாய் திறந்தாள்.

"நான் வேற மாதிரி நெனச்சன்," என்றாள். எங்களைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தரையில கியரெண்டு சொன்னோடனயே எனக்கு வெளங்கிச்சி, நடுவுல எடமில்ல எண்டு. ஒங்களுக்கு வெளங்காதா? என்ன ஏத்தி எறக்கி எல்லாருக்கும் களைச்சிப் போச்சி, இனி ஊட்டயே இரிக்கட்டும் எண்டு எல்லாரும் சேந்து முடிவெடுத்துட்டீங்க எண்டு நெனச்சன். முகத்துக்கு நேர சொல்ல ஏலாமத்தான் இப்பிடிச் செய்றீங்க எண்டு. அதான் கத்திரிக்கோலயும் அனுப்பின."

அவள் அழவில்லை. மாமி அழுதார். மாமா எஞ்சினை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் சாவியில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். அத்தனை நாளும் அவள் எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, பாற்சோறு தின்றுகொண்டு, இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்டோம், அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

அன்றே பாஸிடம் போனோம். தங்கச்சியை நடுவில் வைத்தே போனோம். மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். முதலாம் கியரும் மூன்றாம் கியரும் தடி முன்னுக்குப் போவது, முழங்காலில் முட்டாது. இரண்டையும் நாலையும் விட்டுவிட்டு ஒன்றிலும் மூன்றிலும் மட்டுமே சம்மாந்துறை வீதி வரை ஓட்டினார். மாவடிப்பள்ளிப் பாலத்தடியில் வண்டி முனகிய முனகல், பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த எனக்கும் கேட்டது.

பாஸ் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். நடுவில் இருந்த பெண்ணைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "மூணு பேர் குந்துற வண்டியெண்டு ஒருத்தரும் வாய் தொறந்து சொல்லல்லியே," என்றார். பழைய பெட்டியைத் திரும்ப ஏற்ற முடியாது, அதன் பற்கள் முடிந்துபோனவை. தடியைச் சூடாக்கி வளைக்கலாம் என்றார். "எந்தப் பக்கம் வளைக்க? எவ்வளவு?"

மாமா பழக்க தோசத்தில் என் மனைவியைத் தேடினார். அவள் வீட்டில் இருந்தாள். பிறகு மகளைப் பார்த்தார்.

"எப்பிடி வேணும் புள்ள?"

கத்திரிக்கோல் போன பையில் வெட்டுச் சோக்கு இன்னும் இருந்தது. தங்கச்சி அதை எடுத்து, மாமாவை ஒவ்வொரு கியராகப் போடச் சொல்லி, தடி எங்கே வருகிறது என்று பார்த்து, தடியில் ஒரு கோடும் கொஞ்சம் மேலே இன்னொரு கோடும் போட்டாள். அபாயாக் கைக்கு அளவு போடுவது போல. பாஸ் அந்தக் கோடுகளில்தான் சூடாக்கினார்.

தடி இப்போது முன்னுக்கு வளைந்து, மேலே வந்து, ஸ்டியரிங் பக்கம் சாய்ந்து நிற்கிறது. முழங்காலுக்குத் தட்டாது. ஆனால் முன்னுக்குப் போனபடியால் மாமா கையை எட்டி நீட்ட வேண்டியிருந்தது. தோள் நோவுக்கு அது பழையதைவிட மோசம். கராஜை விட்டு வெளியே வரும்போது அவர் முகம் சுளிப்பதைத் தங்கச்சி கண்டாள். குமிழைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கிளச்ச மிதிங்க வாப்பா. கியர நான் போடுறன்."

கர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு வண்டி இரண்டாம் கியரில் போனது. போகிற வழியில் தையற்கூடத்தடியில் நிறுத்திக் கத்திரிக்கோலைத் திருப்பி வாங்கினாள்.

இப்போது தினமும் காலையில் இதுதான் எங்கள் வீட்டுச் சத்தம். கேற்றைத் தாண்டும்போது "கிளச்" என்பாள், மாமா "ம்" என்பார். நான் ஓட்ட வேண்டும் என்பதற்காகப் போட்ட பெட்டி, ஆனால் அந்தப் பிக்கப்பை இப்போது என்னால் தொடவே முடியாது. மனைவியின் தங்கையைப் பக்கத்தில் வைத்து, நான் கிளச் மிதிக்க அவள் கியர் போடுவதா? ஊர் என்ன சொல்லும் என்பது இருக்கட்டும், மாமியே விட மாட்டார். ஆக, மாமாவுக்குப் பிறகு யார் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. அதை நினைத்தால் எனக்குப் பழையபடி தலை சுற்றும்.

போன வாரம் நான் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"மச்சான், பாஸிட்ட ஒண்டு கேட்டுச் சொல்லுங்க. கிளச்சு, பிரேக்கு, அக்சிலேட்டர் எல்லாத்தயும் கையால போடுற மாதிரி மாத்த ஏலுமாம். ஃபோன்ல பாத்தன். நம்மட வண்டிக்குச் சரிவருமா?"

"ஆருக்கு?" என்றேன், அறிவு கெட்டவன் போல.

"எனக்குத்தான். கதவு ஒரு பக்கம், உம்மா ஒரு பக்கம். நான் சரிய மாட்டன்."

நான் துணியைக் கீழே வைத்தேன். மனைவி குசினிக்குள் ஏதோ பொரித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. மாமா விறாந்தையில்தான் இருந்தார். நேரே போய் அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக் குந்தினேன்.